ஓடாமல் போன ஆல்பங்களை எப்படித் தேடிப் பிடிப்பது?

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. போன தலைமுறையில் யாரும் கண்டுகொள்ளாமல் விட்ட ஆல்பங்களை எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பது ஒன்று. "நிஜமாகவே நல்ல பாட்டாக இருந்தால் அப்போதே ஹிட் ஆகியிருக்காதா?" என்பது இன்னொன்று. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் எங்கே தேடுவது என்பதும் பாதி புரிந்துவிடும்.

ஹிட் ஆவது பாட்டின் கையில் மட்டும் இல்லை. ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்த ஆல்பம் கம்பெனி, விநியோகஸ்தர், கடை, வானொலி, பத்திரிகை என்று கைமாறிக் கைமாறித்தான் நம் காதுக்கு வருகிறது. நடுவில் ஒருவர் கோட்டைவிட்டாலும் கதை முடிந்தது.

மெம்ஃபிஸ் நகரத்தைச் சேர்ந்த பிக் ஸ்டார் குழுவுக்கு நடந்தது இதுதான். 1972-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் 'நம்பர் ஒன் ரெக்கார்ட்'. விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். ஆனால் பாட்டைக் கேட்டுவிட்டுக் கடைக்குப் போனவர்களுக்கு இசைத்தட்டு கிடைக்கவில்லை. விநியோகம் செய்த ஸ்டாக்ஸ் கம்பெனிக்கு அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசையை விற்கத் தெரியும். நான்கு இளைஞர்களின் கிதார் பாட்டுகளை எந்தக் கடையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று தெரியவில்லை. பிறகு ஸ்டாக்ஸின் விநியோகத்தைக் கொலம்பியா எடுத்துக்கொண்டது. நிலைமை இன்னும் மோசமானது. அப்போது விற்றது பத்தாயிரம் பிரதிகளுக்கும் குறைவு. 1974-இல் வந்த 'ரேடியோ சிட்டி'க்கும் அதே கதிதான். மூன்றாவது ஆல்பத்தை அதே வருஷம் பதிவு செய்துவிட்டார்கள்; அது வெளியே வர 1978 ஆகிவிட்டது. அந்த வருஷக் கடைசியில் குழுவின் இரண்டு முக்கியப் பாடகர்களில் ஒருவரான கிறிஸ் பெல் கார் விபத்தில் இறந்துபோனார். எண்பதுகளில் ஆர்.இ.எம். போன்ற குழுக்கள் பிக் ஸ்டாரைத் தங்கள் முன்னோடி என்று சொன்ன பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. இந்தக் கதையில் பாட்டுகளின்மேல் எந்தக் குறையும் இல்லை. சரக்கு கடைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஸோம்பீஸ் குழுவின் விஷயம் வேறு. 'ஒடஸி அண்ட் ஆரக்கிள்' ஆல்பத்தின் பெரும்பகுதியை 1967-இல் லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். ஆரம்பத்து ஹிட்டுகளுக்குப் பிறகு வந்த பாட்டுகள் சரியாகப் போகவில்லை, கையில் காசும் இல்லை. ஆல்பம் வெளியாவதற்கு முன்பே, அந்த டிசம்பரில், பிரிந்துவிட்டார்கள். 1968-இல் ஆல்பம் வந்தபோது மேடையேறிப் பாட ஆள் இல்லை. அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்த இசைக்கலைஞர் அல் கூப்பர், இதை விட்டுவிடாதீர்கள் என்று வற்புறுத்தினார். 'டைம் ஆஃப் த சீஸன்' பாட்டு 1969-இல் பில்போர்டு பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறியது. குழுவோ கலைந்துவிட்டது. அந்தச் சந்தில் அமெரிக்காவில் சிலர் போலி ஸோம்பீஸ் குழுக்களை அமைத்து ஊர் ஊராகக் கச்சேரி செய்தார்கள். அப்படி ஒரு போலிக் குழுவில் வாசித்த இருவர் பின்னாளில் ஸீஸீ டாப் குழுவில் பெரிய நட்சத்திரங்கள் ஆனார்கள்.

பிடிவாதத்தால் முடங்கியவையும் உண்டு. டெட்ராய்ட் நகரத்தின் ஹாக்னி சகோதரர்கள் மூவர் 'டெத்' என்ற பெயரில் 1975-இல் பதிவு செய்த பாட்டுகளில், பங்க் என்று உலகம் பின்னால் கொண்டாடிய வேகம் அப்படியே இருக்கிறது. இசைக் கம்பெனிப் பெரும்புள்ளி கிளைவ் டேவிஸுக்கு இசை பிடித்திருந்தது, குழுவின் பெயர் பிடிக்கவில்லை. மாற்றச் சொன்னார். அவர்கள் மறுத்துவிட்டார்கள். அந்தப் பதிவுகள் ஆல்பமாக வந்தது 2009-இல். கம்போடியாவிலோ நடந்தது கொடுமை. சின் சிசாமூத், ரோஸ் செரே சோத்தியா போன்ற பெரும் பாடகர்கள் 1975-79 கெமர் ரூஜ் ஆட்சியில் காணாமல் போனார்கள். எஞ்சியது மக்கள் ஒளித்து வைத்திருந்த தட்டுகளும் கேசட்டுகளும்தான்.

ஆக, விற்கவில்லை என்பதை வைத்து தரத்தை முடிவு செய்ய முடியாது. அதற்காக விற்காததெல்லாம் பொக்கிஷம் என்றும் நினைத்துவிட வேண்டாம். சுமாராக இருந்ததால் மறக்கப்பட்டவைதான் அதிகம். அந்தக் குவியலில் நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் உங்கள் முதல் கேள்வி.

நான் திரும்பத் திரும்ப நம்பியிருக்கும் வழி ஒன்றே: பாடகரை விட்டுவிட்டு, அட்டையின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் பெயர்களைப் பின்தொடருங்கள். யார் தயாரித்தது, யார் ஒலிப்பதிவு செய்தது, பேஸ் வாசித்தது யார், வயலின் கோர்வைகளை எழுதியது யார் என்று பாருங்கள். 'மறக்கப்பட்ட 100 ஆல்பங்கள்' மாதிரியான பட்டியல்கள் பெரும்பாலும் ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதப்பட்டவை. பெயர்கள் நம்மைக் கூட்டிப் போகும் இடம் வேறு.

இங்கிலாந்துப் பாடகர் நிக் டிரேக்கை எடுத்துக்கொள்வோம். இன்று அவரைத் தெரியாதவர்கள் குறைவு, ஆனால் உயிரோடு இருந்தபோது அவருடைய மூன்று ஆல்பங்களில் எதுவும் ஐயாயிரம் பிரதிகள்கூட விற்கவில்லை என்பார்கள். 1974 நவம்பரில் 26 வயதில் இறந்துவிட்டார். முதல் ஆல்பம் 'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்' 1969-இல் வந்தது. பின்பக்கத்தைப் பாருங்கள். தயாரிப்பாளர் ஜோ பாய்ட், ஒலிப்பதிவு ஜான் வுட், பேஸ் டேனி தாம்ஸன், ஒரு பாட்டில் மின்கிதார் ரிச்சர்ட் தாம்ஸன். பல பாட்டுகளுக்கு வயலின் கோர்வை எழுதியவர் ராபர்ட் கர்பி. கேம்பிரிட்ஜில் டிரேக்குடன் பழகிய மாணவர், அப்போது தொழில்முறைக் கலைஞர்கூட இல்லை. இந்த ஐந்து பெயர்களே ஐந்து கதவுகள். டேனி தாம்ஸன் பென்டாங்கிள் குழுவிடம் கூட்டிப் போவார், ரிச்சர்ட் தாம்ஸன் ஃபேர்போர்ட் கன்வென்ஷனிடம்.

ஜோ பாய்டும் கர்பியும் சேர்ந்து இன்னொரு இடத்துக்குக் கூட்டிப் போவார்கள். பாடகி வஷ்டி பன்யனின் 'ஜஸ்ட் அனதர் டைமண்ட் டே', 1970. அதே தயாரிப்பாளர், சில பாட்டுகளுக்கு அதே கர்பியின் கோர்வைகள். தாலாட்டு மாதிரி அவ்வளவு மெல்லிய குரல். ஆல்பத்தை யாரும் சீண்டவில்லை. அவரும் மனம் விட்டுப்போய் இசையையே விட்டு விலகினார். 2000-இல் மறுவெளியீடு வந்தது, இளம் பாடகர்கள் தேடி வந்தார்கள், 2005-இல் தன் இரண்டாவது ஆல்பத்தைக் கொண்டுவந்தார். இடையில் போனது முப்பத்தைந்து வருஷம்.

அந்த நூலை இன்னும் கொஞ்சம் இழுப்போம். டிரேக்கின் இரண்டாவது ஆல்பம் 'பிரைட்டர் லேட்டர்', 1971. அதில் 'நார்தர்ன் ஸ்கை' என்ற பாட்டில் பியானோ, ஆர்கன், மணியோசை தரும் செலெஸ்டா என்ற கீபோர்டு மூன்றையும் வாசித்தவர் ஜான் கேல். வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவில் வயோலாவை உரசி உரசிக் காதைக் கிழிய வைத்த அதே ஜான் கேல்தான். பாடகி நீகோவின் 'டெஸர்ட்ஷோர்' ஆல்பத்தை அவரும் ஜோ பாய்டும் அப்போது சேர்ந்து தயாரித்துக்கொண்டிருந்தார்கள், அந்த வழியில் டிரேக்கின் பாட்டு அவர் காதில் விழுந்தது. 'நார்தர்ன் ஸ்கை'யில் அவர் என்ன செய்திருக்கிறார் என்று ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். டிரேக் பாடும்போது செலெஸ்டா சின்னச் சின்ன மணிகளாக ஓரத்தில் உதிர்ந்துகொண்டிருக்கும். குரல் ஓயும்போது பியானோ முன்னால் வந்து பாட்டையே வாங்கிக்கொள்ளும். ஆர்கன் தனியாகத் தெரியவே தெரியாது. அதை எடுத்துவிட்டால் பாட்டு சரிந்துவிடும். டிரேக்கின் பாட்டுகளிலேயே இவ்வளவு வெளிச்சமானது வேறு கிடையாது என்பது என் எண்ணம். அந்த வெளிச்சத்தில் கணிசமான பங்கு கேலுடையது. பாடகர் பெயரை மட்டும் பார்த்துக் கேட்பவருக்கு இது தெரியவே வராது.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஜோ பாய்ட் தன் நிறுவனத்தை ஐலண்ட் கம்பெனியிடம் விற்றபோது, நிக் டிரேக்கின் ஆல்பங்களை ஒருபோதும் விற்பனையிலிருந்து எடுக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார். விற்காத தட்டுகளைப் பட்டியலிலிருந்து தூக்குவது எந்தக் கம்பெனிக்கும் வழக்கம். அந்த நிபந்தனையால்தான் கால் நூற்றாண்டாக யாராவது ஒருவர் எங்காவது ஒரு கடையில் அவற்றை எடுத்துப் பார்க்க முடிந்தது. பிறகு ஃபோக்ஸ்வாகன் கார் விளம்பரத்தில் 'பிங்க் மூன்' பாட்டு ஒலித்தது, அமெரிக்காவில் விற்பனை சட்டென்று பல மடங்கானது. விளம்பரத்தால் வந்த புகழ் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. இரண்டு இரவுகளில், பாடகரும் ஒலிப்பதிவாளர் ஜான் வுட்டும் மட்டும் இருந்து, ஒரு கிதாரை வைத்து முடித்த ஆல்பம் 'பிங்க் மூன்'. மொத்தம் 28 நிமிஷம். மேலே சேர்த்தது என்று பார்த்தால் தலைப்புப் பாட்டின் நடுவில் வரும் சில நொடிப் பியானோ ஒன்றுதான். அப்படிப்பட்ட ஆல்பம் எந்த வழியாக வந்தால் என்ன, வீட்டுக்குள் வரட்டும்.

பாட்டை எழுதியவர் பெயரையும் விடாதீர்கள். 1977-இல் பிரதர்ஸ் ஜான்ஸன் பாட, குயின்ஸி ஜோன்ஸ் தயாரிப்பில் 'ஸ்ட்ராபெரி லெட்டர் 23' பெரிய ஹிட் ஆனது. எழுதியவர் பெயரைப் பார்த்தால் ஷுகி ஓட்டிஸ் என்று இருக்கும். அவர் 1971-இலேயே அதைத் தன் ஆல்பத்தில் பாடிவிட்டார். அங்கிருந்து 1974-இல் வந்த 'இன்ஸ்பிரேஷன் இன்ஃபர்மேஷன்' ஆல்பத்துக்குப் போங்கள். ஏறக்குறைய எல்லா வாத்தியங்களையும் அவரே வாசித்து, அந்தக் காலத்து ஆரம்பநிலை டிரம் மெஷினை வைத்து உருவாக்கியது. மெஷினின் அந்த டிக்-டிக் சத்தத்துக்கு மேல் மிதக்கும் ஆர்கனைக் கேட்டால், இருபது முப்பது வருஷம் கழித்துப் படுக்கையறையில் கம்ப்யூட்டர் வைத்து இசை செய்தவர்களின் ஞாபகம் வரும். வெளியானபோது பெரிதாகப் போகவில்லை. 2001-இல் லுவாகா பாப் மறுவெளியீடு செய்த பிறகுதான் பேச்சு கிளம்பியது.

அடுத்தது பி-சைடு. பக்கத்துக்கு ஒரு பாட்டாக வரும் சிங்கிள் தட்டின் முன்பக்கத்தில் கம்பெனி நம்பிய பாட்டு இருக்கும். பின்பக்கத்தை நிரப்ப என்ன கிடைத்ததோ அது. யாரும் எதிர்பார்க்காத இடம் என்பதால் கலைஞர்கள் அங்கே தாராளமாக விளையாடியிருப்பார்கள். குளோரியா ஜோன்ஸ் 1965-இல் பாடிய 'டெய்ன்டட் லவ்' பி-சைடுதான். அமெரிக்காவில் யாரும் கேட்கவில்லை. எழுபதுகளில் இங்கிலாந்தின் வடபகுதிக் கிளப்புகளில், ஓடாத வேகமான அமெரிக்க சோல் தட்டுகளைத் தேடிப் பிடித்துப் போடுவதே ஒரு போட்டியாக நடந்தது. நார்தர்ன் சோல் என்று அதற்குப் பெயர். அங்கே இந்தப் பாட்டுக்கு மறுபிறவி கிடைத்தது, 1981-இல் சாஃப்ட் செல் அதை சின்தசைசரில் பாடி பிரிட்டனில் முதலிடம் பிடித்தார்கள். வின்ஸ்டன்ஸ் குழுவின் 'ஆமென், பிரதர்' 1969-இல் ஒரு பி-சைடு. அதன் நடுவில் கிரெகரி கோல்மன் தனியாக வாசிக்கும் ஆறேழு நொடி டிரம்ஸ் துண்டு, பின்னாளில் ஹிப்ஹாப்பிலும் ஜங்கிள் என்ற நடன இசையிலும் ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்கு அடித்தளமானது. கோல்மனுக்கு அதிலிருந்து ஒரு காசு வரவில்லை. வீடில்லாமல் இறந்துபோனார்.

யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் தாமாகவே பரிந்துரைக்கின்றனவே, அது போதாதா என்று கேட்பீர்கள். உதவும்தான். ஜப்பானியப் பாடகி மரியா தாகெவுச்சியின் 'பிளாஸ்டிக் லவ்' அப்படித்தான் 2017-க்குப் பிறகு உலகமெங்கும் பரவியது. யாரோ ஒருவர் யூடியூபில் ஏற்றியது, அதுவும் வேறொரு சிங்கிளுக்காக எடுத்த புகைப்படத்தோடு. ஆனால் அந்தப் பரிந்துரை உங்களை அந்த ஒரு பாட்டிலேயே சுற்ற வைக்கும், கூடிப்போனால் அதே சாயலில் நாலு பாட்டு. அங்கிருந்து நீங்களாக இறங்கி நடக்க வேண்டும். அந்தப் பாட்டு இருக்கும் 1984 ஆல்பம் 'வெரைட்டி'யை முழுசாகக் கேளுங்கள். தயாரித்தவர் அவர் கணவர் தத்சுரோ யமாஷிதா. அவருடைய 'ஃபார் யூ', 1982, அடுத்த படி.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 'வெரைட்டி' ஜப்பானில் முதலிடம் பிடித்த ஆல்பம். அதை மறக்கப்பட்டது என்று எழுதுபவர்கள், யார் மறந்தார்கள் என்று கேட்டுக்கொள்வதில்லை. அமெரிக்கப் பாடகர் ராட்ரிகஸ் விஷயமும் இப்படித்தான். 1970-இல் வந்த 'கோல்ட் ஃபாக்ட்' அமெரிக்காவில் ஓடவில்லை, அவர் டெட்ராய்ட்டில் கட்டட வேலைக்குப் போனார், தென்னாப்பிரிக்காவில் அது வீட்டுக்கு வீடு இருந்தது, அவருக்கே தெரியவில்லை. இந்தக் கதையைச் சொன்ன ஆவணப்படம் 2013-இல் ஆஸ்கர் வாங்கியது. ஆனால் 1979-லும் 1981-லும் அவர் ஆஸ்திரேலியா போய்ப் பெரிய கூட்டங்கள் முன்னால் பாடியதைப் படம் சொல்லவில்லை. சொன்னால் கதையின் வீரியம் குறைந்திருக்கும். பாட்டுகளோ அந்தக் கதையின் துணை இல்லாமலே நிற்கும். அதனால் கதையைப் படிக்கும் முன்பு ஆல்பத்தை ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது. சோகக்கதை காதில் ஏறிவிட்டால் சுமாரான பாட்டும் காவியமாகத் தோன்றும்.

மறுவெளியீட்டு நிறுவனங்களை நம்பலாமா என்றால், எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்து நம்புங்கள். எத்தியோப்பியாவின் வாலியாஸ் குழுவில் கீபோர்டு வாசித்த ஹைலு மெர்கியா, எண்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்கக் கச்சேரிகளுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார். 1985-இல் அக்கார்டியன், சின்தசைசர், டிரம் மெஷின் வைத்துத் தனி ஆளாக ஒரு கேசட் செய்தார். பிறகு வாஷிங்டன் விமான நிலையத்தில் டாக்சி ஓட்டினார். கீபோர்டை வண்டியின் டிக்கியில் வைத்திருந்து, சவாரி இல்லாத நேரத்தில் பின்சீட்டில் உட்கார்ந்து பயிற்சி செய்வார். ஆஸம் டேப்ஸ் ஃப்ரம் ஆப்பிரிக்கா என்ற நிறுவனத்தை நடத்தும் பிரையன் ஷிம்கோவிட்ஸ் எத்தியோப்பியாவில் அந்தக் கேசட்டைக் கண்டெடுத்து, மெர்கியாவையே தேடிப் பிடித்துப் பேசி, 2013-இல் வெளியிட்டார். மெர்கியா மறுபடி மேடையேறினார், புது ஆல்பங்களும் செய்தார். இன்னொரு பக்கம், 1996-இல் வந்த 'கம்போடியன் ராக்ஸ்' தொகுப்பில் பாடியவர் பெயரும் இல்லை, பாட்டின் பெயரும் இல்லை. அத்தனை பெரிய பாடகர்களின் குரல் முகவரி இல்லாமல் உலகம் சுற்றியது. யார் யார் பாடியது என்பதை ஆர்வலர்கள் பின்னால் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பெயர்களும் ஆண்டுகளும் வாசித்தவர்கள் விவரமும் தருகிற, கலைஞருக்குப் பணம் போகிற மறுவெளியீட்டையே வாங்குங்கள்.

கேட்கும்போது சில விஷயங்கள். பழைய ஆல்பங்களின் மறுவெளியீட்டில் கடைசியில் உபரிப் பாட்டுகளைச் சேர்த்துவிடுவார்கள். மூல ஆல்பம் எங்கே முடிகிறது என்று பார்த்து அங்கே நிறுத்துங்கள். 'ஒடஸி அண்ட் ஆரக்கிள்' பன்னிரண்டு பாட்டு, அதோடு முடிந்தது. தட்டின் ஒரு பக்கம் சுமார் இருபது நிமிஷம்தான் பிடிக்கும், ஆகவே முதல் பக்கம் எதில் முடிகிறது, இரண்டாம் பக்கம் எதில் திறக்கிறது என்று யோசித்து அடுக்கியிருப்பார்கள். அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டுத் தொடருங்கள், வித்தியாசம் தெரியும். விதிவிலக்கும் உண்டு: பிக் ஸ்டாரின் மூன்றாவது ஆல்பத்துக்குப் பாட்டு வரிசையைக் குழுவே முடிவு செய்யவில்லை. பதிப்புக்குப் பதிப்பு வரிசை மாறும். அதை எப்படி வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஸ்ட்ரீமிங்கில் இல்லை என்றால் உலகத்தில் இல்லை என்று எண்ண வேண்டாம். டி லா சோல் மாதிரி பெரிய குழுவின் ஆரம்பகால ஆல்பங்களே, பிறர் பாட்டுகளிலிருந்து எடுத்துச் சேர்த்த துண்டுகளின் (சாம்பிள்) உரிமைச் சிக்கலால் 2023 மார்ச் வரை ஸ்ட்ரீமிங்குக்கு வரவில்லை. சின்னக் குழுக்களின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். டிஸ்காக்ஸ் தளத்தில் ஆல்பத்தின் பெயரைப் போட்டால் வாசித்தவர்கள் விவரம் கிடைக்கும். ஒரு பெயரை அழுத்தினால் அவர் வாசித்த மற்ற ஆல்பங்கள் வரிசையாக வரும். நான் சொன்ன பெயர் வேட்டைக்கு அதைவிட நல்ல கருவி இப்போது இல்லை.

தொடங்க ஒன்றே ஒன்று கேட்டால், 'பிரைட்டர் லேட்டர்'. அது பிடித்து, அந்த செலெஸ்டாவும் பியானோவும் காதில் தங்கிவிட்டால், ஜான் கேல் 1973-இல் செய்த 'பாரிஸ் 1919'-க்குப் போங்கள். அதில் கிதார் வாசிப்பவர் லிட்டில் ஃபீட் குழுவின் லோவெல் ஜார்ஜ், டிரம்ஸ் அதே குழுவின் ரிச்சி ஹேவர்ட். அப்புறம் எந்தப் பக்கம் திரும்புவது என்பதை அட்டையின் பின்பக்கமே சொல்லும்.